வாவிக்கரையில் இஞ்சின் மினுக்கலாமா?

கல்லடிப் பொடியன்:
சைக்கிளில் பூட்டுகிற சின்ன டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டி நாலு மாதம். 80 சீசீ என்று சொல்லித்தான் விற்றார்கள். அளந்து பார்த்தால் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 38. கணக்குப் போட்டால் 66 கூட முழுதாக வரவில்லை. அது போகட்டும். கிளச் மூடியும் மெக்னெட் மூடியும் மங்கிப்போய்ப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று பின்னேரம் குந்தியிருந்து வோட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், இலக்கம் கூடக் கூட நைசு) போட்டேன்: 320, 600, 1000, 1500. ஒவ்வொரு தாளையும் முந்தினதுக்குக் குறுக்கே தேய்த்து, பழைய கீறல் மறைந்த பிறகுதான் அடுத்தது. கடைசியில் ட்ரில்லில் ஃபெல்ட் வட்டு மாட்டிப் பொலிஷ். இப்போது முகம் பார்த்துத் தலை சீவலாம். அடுத்தது சிலிண்டர் ஃபின்ஸ் (சூடு ஆற்றுகிற தகடுகள்), பிறகு பெட்ரோல் உள்ளே போகிற வழி. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். உப்புக்காற்றுக்கு மினுக்கி வைப்பதுதானே நல்லது?

தம்பிலுவிலான்:
தம்பி, அந்த வட்டைக் கழற்றி வையும். மூடியிலேயே பிழை விட்டுவிட்டீர். அவை அச்சுக்குள் அழுத்தி வார்த்த மூடிகள். வார்ப்பின் மேல்தோல்தான் இறுக்கமானது. அதற்குக் கீழே ஊசிமுனை அளவில் காற்றுத்துளைகள் கிடக்கும். நீர் 320ஆல் தோலை உரித்து அவற்றுக்கு வாசல் திறந்துவிட்டீர். நானும் ஒருகாலத்தில் ஆசைப்பட்டு ஒரு மூடியை மினுக்கினவன்தான். கார்த்திகை மழை தொடங்கியது, மார்கழி முடிய முதல் மூடி முழுக்க வெள்ளை, தேங்காய்ப்பூ தூவினது போல. துடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரு குழி. கடைசியில் பெயின்ட் அடித்தேன்.

ஓட்டமாவடிக் காக்கா:
மினுக்கினது குற்றமில்லை, மினுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் விட்டதுதான் குற்றம். அலுமினியத்தை எப்படி உரித்தாலும் காற்றுப் பட்ட உடனே மேலே ஒக்சைட் படலம் தானாக வந்துவிடும். சொரசொரப்பான வார்ப்பைப் பாருங்கள், உப்பும் எண்ணெய்ச் சேறும் அதில்தான் ஒட்டிப்பிடித்து ஈரத்தை வைத்திருக்கும். வழுவழுப்பான மூடிக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். கிழமைக்கு ஒருக்கா கழுவல், மாதம் ஒருக்கா மெழுகு. என்னுடைய மூடி இரண்டு மாரி கண்டுவிட்டது.

தம்பிலுவிலான்:
காக்கா, கிழமைக்கு ஒருக்கா இஞ்சினைக் குளிப்பாட்டுகிறவனுக்கு அது சரி. மீன் பெட்டி கட்டிக்கொண்டு விடிய நாலு மணிக்குப் போகிறவன் கழுவுவானா?

ஓட்டமாவடிக் காக்கா:
மீன் பெட்டி கட்டுகிறவன் மூன்று பின்னேரம் குந்தியிருந்து தேய்க்கவும் மாட்டானே. இந்தப் பொடியன் தேய்த்திருக்கிறான், கழுவுவான்.

வெல்லாவெளி மச்சான்:
இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? அம்மா அலுமினியச் சட்டியைச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத்தான் உரஞ்சுவா. அவசரம் என்றால் கொஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊத்துங்கோ, ஊத்தை எல்லாம் கழன்று போகும்.

ஓட்டமாவடிக் காக்கா:
அல்லாஹ்வே! மச்சான், கொஸ்டிக் ஊத்தையோடு நிற்காது, மூடியையும் தின்னும். பொங்கி வருகிற அந்தக் குமிழி ஹைட்ரஜன், பக்கத்தில் ஒரு பீடி பற்ற வைத்தால் போதும். சாம்பலும் காரம்தான், அலுமினியம் கறுத்துப்போகும். உங்கள் அம்மாவின் சட்டி அடியைத் திருப்பிப் பாருங்கள்.

தம்பிலுவிலான்:
இதில் நான் காக்கா பக்கம். இன்னொன்று, இரும்புக் கம்பி நாரும் தொடாதீர்கள். அதன் தூள் அலுமினியத்துக்குள் குத்தி நின்று, ஒரு மழைக்குச் சிவப்புப் புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

கல்லடிப் பொடியன்:
பெயின்ட் வேண்டாம் அண்ணன், மினுக்கம் தெரிய நிறமில்லாத லாக்கர் அடித்தால்?

ஓட்டமாவடிக் காக்கா:
கண்ணாடி மாதிரி வழுக்குகிற இடத்தில் லாக்கர் எதைப் பிடித்துக்கொள்ளும்? ஸ்குரூ ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு அதற்குள் நுழைந்து, அடியால் புழு ஊர்ந்த தடம் மாதிரி ஓடும். பிறகு முழுக்க உரித்துத் திரும்ப 320இலிருந்து தொடங்க வேண்டும். மெழுகுதான். பொலிஷ் முடிந்ததும் மூலைகளில் கறுப்பு மை போல நிற்குமே, அதற்குக் கொஞ்சம் கோதுமை மா தூவிப் பழைய பனியன் துணியால் துடையும். மா அந்தக் கறுப்பை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதுக்குப் பிறகு மெழுகு.

தம்பிலுவிலான்:
சரி, மூடி உங்கள் இருவர் பாடு. சிலிண்டருக்கு வருவோம். மினுக்கின அலுமினியம் வெப்பத்தைக் கதிராக விடுவது மிகக் குறைவு. முழுதாக விடுவதை 1 என்று வைத்தால் கறுப்பு பெயின்ட் 0.9, இது 0.05 பக்கம். எதற்கு அந்தச் சுமை?

ஓட்டமாவடிக் காக்கா:
கணக்குச் சரி, கதை பாதி. ஓடுகிற சைக்கிளில் வெப்பத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் காற்று. மினுக்கினதால் மட்டும் இஞ்சின் சூடேறி இறுகாது. ஆனாலும் ஃபின்ஸில் வட்டு விடாதே என்றுதான் நானும் சொல்லுவேன். பொலிஷ் மெழுகு இடுக்குகளில் அடைந்து காற்றையே மறிக்கும். அதைவிடப் பெரிய வில்லங்கம் கேஸ்கட் முகம், காற்று கசியாமல் கேஸ்கட் தாள் வைத்து இறுக்குகிற தட்டையான இடம். ஒரு நிமிடம் வட்டு அதில் ஏறினால் ஓரம் உருண்டுவிடும். அந்த வழியால் காற்றை இழுத்தால் கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் இறுகும்.

தம்பிலுவிலான்:
இதைத்தானே முதலிலேயே சொன்னேன், சிலிண்டர் பக்கம் போகாதே என்று. காரணம் உங்களுடையது நல்ல காரணம், எடுத்துக்கொள்கிறேன். பெட்ரோல் போகிற வழியிலும் கண்ணாடி மினுக்கம் வீண். துளித்துளியாகப் போகிற பெட்ரோல் வழுவழுப்பான சுவரில் படலமாகப் படியும். வார்ப்பு விட்ட முனைகளை மட்டும் அரத்தால் எடுத்து விட்டால் காணும். புகை போகிற வழியை வேண்டுமானால் மினுக்கும், கரி ஒட்டுவது குறையும்.

கல்லடிப் பொடியன்:
அப்ப முடிவு: கிளச் மூடி மினுக்கினபடி, மெழுகோடு. மெக்னெட் மூடியைத் திரும்பக் கீறி பெயின்ட். ஃபின்ஸில் கை வைக்கவில்லை. இரண்டு மூடியும் ஒரே இஞ்சினில், ஒரே உப்புக்காற்றில்.

தம்பிலுவிலான்:
நல்லது. ஸ்குரூவுக்கெல்லாம் கிரீஸ் தடவிப் பூட்டும், இல்லாவிட்டால் இரும்பைச் சுற்றி அலுமினியம்தான் முதலில் அரிபடும். தைப்பொங்கலுக்கு இரண்டு மூடியின் படமும் போடும்.

ஓட்டமாவடிக் காக்கா:
கழுவிவிட்டுப் படம் எடு மனே.