வீட்டு வாசலில் அனுமதி கேட்கும் முறை எப்படி?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் வரவில்லை என்றால் திரும்பிவிட வேண்டுமா? காலிங் பெல் உள்ள வீட்டில் எப்படி?

பதில் 1:
வ அலைக்கும் ஸலாம் சகோதரரே. முதலில் ஸலாம், பிறகுதான் "உள்ளே வரலாமா?" மூன்று முறைக்கும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடுங்கள், புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) இது. பெல்லும் அனுமதி கேட்பதுதான். ஒருமுறை அழுத்திவிட்டு, உள்ளே தொழுபவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்துவர அவகாசம் விட்டு அடுத்ததை அழுத்துங்கள். விடாமல் அழுத்தினால் தூங்கும் குழந்தை எழும், நோயாளி பதறுவார்.

பதில் 2:
பலர் தவறுவது நிற்கும் இடத்தில். கதவுக்கு நேரே நின்றால், திறந்ததுமே பார்வை கூடம் வரை போய்விடும். நபி (ஸல்) வலது அல்லது இடது பக்கமாக ஒதுங்கி நிற்பார்கள். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு ஸலாம் சொல்வதில் என்ன பயன்?

"யாரு?" என்றால் "நான்தான்" போதாது, பெயரைச் சொல்லுங்கள். நபித்தோழர் ஜாபிர் (ரலி) "நான்" என்றபோது நபியவர்கள் அதை விரும்பவில்லை.

பதில் 3:
"இப்போ முடியாது" என்றால் முகம் சுளிக்காதீர்கள். திரும்பிச் செல்வதே தூய்மையானது என்கிறது குர்ஆன் (24:28).

வீட்டுக்குள்ளும் அனுமதி கேட்பது உண்டு. பருவமடையாத பிள்ளைகள் 3 நேரங்களில் கேட்க வேண்டும்: ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகை) முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்கு (இரவுத் தொழுகை) பின் (குர்ஆன் 24:58). பருவமடைந்தால் எப்போதும். அறைக் கதவைத் தட்டச் சின்ன வயதிலேயே பழக்குங்கள்.