செம்மறிப் பட்டிக்கு ஒற்றை லாமாவைக் காவல் வைப்பது சரியா?

அயோவா மேய்ப்பர்:
எங்கள் பண்ணையில் அறுபது செம்மறிகள் உள்ளன. ஈற்றுக் காலத்தில் ஓநாயைப் போன்ற சிறிய வேட்டை விலங்குகளான கொயோட்டிகள் குட்டிகளைத் தூக்கிச் செல்வதைப் பொறுக்க முடியாமல், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென்னமெரிக்க விலங்கான லாமாவில் காயடித்த ஆண் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பட்டியில் விட்டேன். வேலியோரம் ஏதேனும் அசைந்தால் அது காதுகளை முன்னுக்கு நீட்டி, கனைப்பும் கதறலும் கலந்தாற்போன்ற குரலை எழுப்பிக்கொண்டு நேராக அதை நோக்கி நடக்கும். சிறு பண்ணைக்குக் காவல் நாயைவிட லாமாவே ஏற்றது என்பேன். ஆடுகள் மேயும் புல்லே அதற்கும் போதும். இரவெல்லாம் குரைத்து அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1990களில் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 26 ஆடுகளை இழந்துவந்த பண்ணையாளர்கள், லாமா வந்த பின் 8 ஆடுகளையே இழந்தார்கள்.

ஓஹாயோ கால்நடை மருத்துவர்:
அந்த ஆய்வு பண்ணையாளர்களிடம் கேட்டுத் தொகுத்தது. லாமா உள்ள பட்டியையும் இல்லாத பட்டியையும் அருகருகே வைத்து அளந்ததன்று. ஆயினும் என் மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியதன்று. லாமா கூட்டமாக வாழும் விலங்கு. இரண்டாக விட்டால் அவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஆடுகளைக் கவனிக்காமல் போகக்கூடும் என்பதற்காகவே ஒன்றை மட்டும் விடுகிறோம். அதாவது, அதன் தனிமையைத்தான் நாம் காவலாகப் பயன்படுத்துகிறோம். லாமாவின் முனகலுக்கு இன்னொரு லாமாவைப் போல மறுமொழி சொல்ல ஒரு செம்மறியால் இயலுமா?

மொன்டானா மந்தைக்காரர்:
ஓநாயும் மலைச்சிங்கம் எனப்படும் பூமாவும் உலவும் திறந்த மலைப்புலத்தில் இந்த வாதத்துக்கே இடமில்லை. அங்கே லாமாவும் இரைதான். பெரிய காவல் நாய்கள் பலவற்றை ஒன்றாக வைத்தே மந்தையைக் காக்கிறோம்.

அயோவா மேய்ப்பர்:
மொன்டானா நண்பர் சொல்வதை ஏற்கிறேன். நான் பேசுவது வேலியிட்ட சிறு நிலத்தைப் பற்றி மட்டுமே. ஆனால் மருத்துவர் ஐயா, லாமாவின் காட்டு மூதாதையான குவானக்கோவில் தனித்துத் திரியும் ஆண்களும் உண்டு. என் லாமா ஈன்ற தாயாட்டின் அருகே நின்று, ஈரம் உலராத குட்டியை முகர்ந்து பார்ப்பதையும், மாலையில் ஆடுகள் படுத்த பிறகே தானும் கால்களை மடக்கி அமர்வதையும் நாள்தோறும் காண்கிறேன். அது ஆடுகளைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொண்டது என்பதே என் நம்பிக்கை.

ஓஹாயோ கால்நடை மருத்துவர்:
குவானக்கோ ஆண் தனித்துத் திரிந்தாலும் தன் இனத்தைத் தேடிச் செல்ல அதற்கு வழி திறந்திருக்கிறது. உங்கள் லாமாவுக்கு வேலி இருக்கிறது. ஆடுகள் மேயும் புல்லே போதும் என்றீர்கள்; அதனால் இது செலவில்லாத காவல் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். வெள்ளைவால் மான்கள் உள்ள எங்கள் பகுதியில், மானுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத ஒரு புழு, நத்தைகள் வழியே லாமாவின் உடலுக்குள் சென்று தண்டுவடத்தைத் தாக்குகிறது. பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கிச் சில நாள்களில் எழ முடியாமல் கிடந்த ஒரு லாமாவின் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தவன் நான். அதைத் தடுக்க மாதந்தோறும் ஊசி போடும் வழக்கம் இங்கே உண்டு. வெயில் காலத்துக்கு முன் உரோமம் கத்தரிக்காவிட்டால் வெப்பமே அதைக் கொன்றுவிடும்.

அயோவா மேய்ப்பர்:
கத்தரிப்பதை நான் ஒருபோதும் தவறவிட்டதில்லை. மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கு வேலியால் இரண்டாகப் பிரித்து, பக்கத்திற்கு ஒரு லாமா என விட்டால் உங்கள் மறுப்பு நீங்குமா? ஒன்றையொன்று காணலாம், வேலிக்கு மேலே மூக்கை உரசிக்கொள்ளலாம், ஆடுகளையும் விட்டுப்போக முடியாது.

ஓஹாயோ கால்நடை மருத்துவர்:
அப்படியானால் என் எதிர்ப்பில் பாதி குறையும். இரண்டாவதை வாங்கும்போது, புட்டிப்பால் கொடுத்து மனிதரோடு தனியே வளர்த்த ஆணை மட்டும் எடுக்காதீர்கள். அத்தகையது வளர்ந்தபின் மனிதரைத் தன் இனமாகக் கருதி மோதித் தள்ளும். குறுக்கு வேலி போட்டபின் அவை இரவில் எங்கே படுக்கின்றன என்பதைக் கவனித்து எழுதுங்கள். இரண்டும் ஆடுகளை விட்டு அந்த வேலியோரமே வந்து படுத்தால், என் எதிர்ப்பின் மறுபாதியை நான் கைவிடமாட்டேன்.