உருமாறும் கதைகள்: ஈரானிய வடிவம் தேடி உதவி
வணக்கம் நண்பர்களே. துருக்கி, ஈரான் நாட்டுப்புறக் கதைகளில் வரும் உருமாற்றம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். துருக்கியின் அலி ஜெங்கிஸ் கதையில், மந்திரவாதிக் குருவிடமிருந்து தப்பும் சீடன் தினையாகச் சிதறுவான். குரு கோழியாகிக் கொத்த வருவார். சில வடிவங்களில் மிஞ்சிய ஒரே மணி நரியாகிக் கோழியின் கழுத்தைக் கவ்விவிடும். என்ன வேகம்!

ஈரான் பக்கம் என்னிடம் இருப்பவை ஷாநாமா என்ற பாரசீகக் காவியத்தின் காட்சிகள்தான்: மகன்களைச் சோதிக்க டிராகனாக வரும் அரசன் ஃபரீதூன், காட்டுக்கழுதையாகத் திரியும் அக்வான் தேவ் என்ற அரக்கன். எனக்கு வேண்டியது வாய்மொழிக் கதை, அதுவும் இதே குரு-சீடன் சண்டை. உல்ரிஷ் மார்சோல்ஃப் 1984இல் வெளியிட்ட பாரசீகக் கதைவகைப் பட்டியல் ஜெர்மனில் இருக்கிறது. ஜெர்மன் தெரிந்தவர்கள் யாராவது அதில் இந்தக் குரு-சீடன் கதைக்கான எண்ணான 325ஆம் வகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? பாரசீகம் படிப்பவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள், ப்ளீஸ்.