'ஸ்டார்' என்ற சொல்லின் வேர்: மொழியியல் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

குழுவினருக்கு வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு வானம் காட்டும் நிகழ்ச்சி. 'ஸ்டார்' என்ற சொல்லைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் பொறுப்பு என் தலையில்.

இதுவரை சேர்த்தது: பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டெயோர்ரா', ஜெர்மனில் 'ஷ்டெர்ன்', லத்தீனில் 'ஸ்டெல்லா', கிரேக்கத்தில் 'அஸ்டேர்', பாரசீகத்தில் 'சிதாரா'. எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம். சமஸ்கிருத 'தாரா'வும் இதில் சேர்த்தி. நம் 'தாரகை' அந்த வழியாக வந்ததுதான். அச்சில் வரும் அஸ்டெரிஸ்க் (*) குறிக்குக் கிரேக்கத்தில் 'குட்டி நட்சத்திரம்' என்று பொருள். 'டிசாஸ்டர்' என்றால் கெட்ட நட்சத்திரம். நேரம் சரியில்லை என்று ஐரோப்பாக்காரனும் புலம்பியிருக்கிறான்! 1802-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சிறுகோள்களுக்கு 'அஸ்டெராய்டு' என்று பெயர் வைத்ததும் இதே சொல்லிலிருந்துதான்: தொலைநோக்கியில் அவை நட்சத்திரம் போலப் புள்ளியாகவே தெரிந்தன.

நடிகர்களை 'ஸ்டார்' என்பது சினிமா கொடுத்ததில்லை, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாடக மேடையிலேயே இருந்திருக்கிறது. பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

சிக்கல் இரண்டு. இந்தச் சொற்களுக்கெல்லாம் தாயான மூலச்சொல் 'எரிதல்' என்ற வேரிலிருந்து வந்தது என்று ஒரு சாரார். பாபிலோனிய இஷ்தார் தேவியின் பெயரோடு முடிச்சுப் போடுகிறார்கள் இன்னொரு சாரார். எனக்கு முதலாவதுதான் நம்பும்படி இருக்கிறது. இப்போதைய ஆய்வாளர்கள் எந்தப் பக்கம்? அடுத்து, ரிக் வேதத்தில் 'ஸ்த்ருபி:' (நட்சத்திரங்களால்) என்று 'ஸ்' ஒலியோடும் வருகிறதே, 'தாரா'வில் மட்டும் அது எப்படிக் கழன்றது?

எளிய தமிழில் விளக்கினாலும், படிக்க ஒரு நூலைச் சொன்னாலும் உதவியாக இருக்கும். நிகழ்ச்சி வரும் சனிக்கிழமை மாலை.