புது கன்வெர்ட்டர் மாட்டியும் பேட்டரி சார்ஜ் ஏறல, அவசரம்

சக்கரவீடு
எல்லாருக்கும் வணக்கம். நம்ம ட்ராவல் ட்ரெய்லர்ல (வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற வீடு) கன்வெர்ட்டர், அதான் வீட்டுக் கரண்ட 12 வோல்ட்டா மாத்தி பேட்டரிய சார்ஜ் பண்ற பெட்டி, போயிடுச்சு, கருகின வாசனை வந்துச்சு, சரி வயசாயிடுச்சுன்னு ஆன்லைன்ல புதுசு வாங்கி நேத்து ராத்திரி நானே மாட்டினேன், இதுவும் வேலை செய்யல. ஃபேன் சத்தமே இல்ல. பேட்டரி இறங்கிட்டே போகுது. வெள்ளிக்கிழமை குடும்பத்தோட கிளம்பணும். பீஸ் டிஃபெக்ட்டா இருக்குமோ, திருப்பி அனுப்பிடலாமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க

ஆம்ப்மணி
என்ன மாடல், எத்தனை ஆம்ப், ட்ரெய்லர் 30 ஆம்ப்பா 50 ஆம்ப்பா, பேட்டரி லெட் ஆசிடா லித்தியமா, கைல மீட்டர் இருக்கா? ஒன்னுமே சொல்லாம திருப்பி அனுப்பலாமான்னு கேட்டா எப்படி தல

பழையஃப்யூஸ்
இந்தக் கேள்விக்கு நான் எத்தனை வாட்டி பதில் எழுதியிருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல, தேடிப் பாக்குற பழக்கமே யாருக்கும் கிடையாது. நூத்துக்கு தொண்ணூறு கேஸ் ரிவர்ஸ் போலாரிட்டி ஃப்யூஸ் தான். கார்ல கறுப்பு வயர்னா நெகட்டிவ், ட்ரெய்லர்ல 12 வோல்ட் பக்கம் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கார் ஞாபகத்துல மாத்திக் குடுத்திருப்பீங்க, ஒரு பொறி வந்திருக்கும், கன்வெர்ட்டர் முகத்துல இருக்கற ரெண்டு பிளேடு ஃப்யூஸும் போயிருக்கும். பெட்டில வர்ற காகிதத்துலயே போட்டிருக்கு. படிச்சா தெரியும்.

லித்தியம்தம்பி
ப்ரோ பேட்டரி என்ன பேட்டரின்னு சொல்லுங்க முதல்ல. லெட் ஆசிடா இருந்தா இதான் சமயம், தூக்கிப் போட்டுட்டு லித்தியம் போடுங்க, கன்வெர்ட்டரையும் 14.6 வோல்ட் குடுக்கறதா வாங்கிடுங்க. ஒரே வேலையா முடிஞ்சிடும்

சக்கரவீடு
ஃப்யூஸ் ரெண்டும் நல்லா இருக்கு சார், கழட்டி மீட்டர் வச்சே பாத்துட்டேன். கறுப்பு வெள்ளை எல்லாம் பழசு எப்படி இருந்துச்சோ ஃபோட்டோ எடுத்து வச்சு அதே மாதிரி தான் குடுத்தேன். 55 ஆம்ப் கன்வெர்ட்டர், 30 ஆம்ப் ட்ரெய்லர், லெட் ஆசிட் 2. பேட்டரில 12.1 காட்டுது

ஆம்ப்மணி
ப்ளக் குத்தின நிலையில 12.1ன்னா கன்வெர்ட்டர் எதுவுமே குடுக்கலன்னு அர்த்தம். உசுரோட இருந்தா குறைஞ்சது 13.2 ஆவது தெரியணும், காலி பேட்டரிக்கு 14.4 வரைக்கும் ஏறணும். பேட்டரி வயர கழட்டி வச்சிட்டு கன்வெர்ட்டரோட டிசி முனையிலயே நேரா அளந்து பாருங்க. அங்கயும் இல்லன்னா உள்ள 120 வோல்ட், அதான் இங்கத்த வீட்டுக் கரண்ட், போகுதான்னு பாக்கணும், கன்வெர்ட்டருக்குன்னு பேனல்ல தனி பிரேக்கர் இருக்கும், பெரும்பாலும் 15 ஆம்ப். அது விழுந்திருக்கா?

கொடைக்குடை
எனக்கென்னமோ கிரவுண்டு தான் பிரச்சனைன்னு தோணுது. சேஸிஸ்ல போல்ட் போட்ட இடம் துரு பிடிச்சு பெயிண்ட் உப்பியிருக்கும், சுரண்டிட்டு முறுக்கிப் பாருங்க. எனக்கு இப்படித்தான் ரெண்டு வருஷமா லைட்டு மினுக்கிட்டே இருந்துச்சு

பழையஃப்யூஸ்
கிரவுண்டு போனா ஃபேன் எதுக்குய்யா நிக்கப் போகுது, வெளிய வர்ற வோல்ட்டேஜ் எதுக்கு காணாம போகப் போகுது. ஆளாளுக்கு அவங்கவங்க வண்டியில நடந்ததையே எல்லா வண்டிக்கும் எழுதறது.

சக்கரவீடு
டிசி முனையில 0. பிரேக்கர் விழல. கரண்ட் வருது, வெளிய அவுட்லெட்ல அளந்தேன் 121 இருக்கு. உள்ள லேப்டாப் சார்ஜ் ஏறுது, ஃபோன் ஏறுது, டிவி ஓடுது. அதனால தான் பீஸ் டிஃபெக்ட்டுன்னு சொல்றேன். திருப்பி அனுப்பினா வெள்ளிக்குள்ள இன்னொன்னு வராது 😩

லித்தியம்தம்பி
லெட் ஆசிட் 12.1ல கிடந்தாலே பாதி செத்த மாதிரி தான் ப்ரோ. லித்தியம்னா இந்தக் கவலையே இல்ல

பழையஃப்யூஸ்
தம்பி அவர் வண்டில கன்வெர்ட்டரே ஓடல, நீ பேட்டரி வித்துட்டு இருக்க. அதுவும் 14.6 கட்டாயமா வேணும்னு ஒரு கதை. ப்ரோக்ரஸிவ் டைனமிக்ஸ் (பிடி) 4600 வரிசை கன்வெர்ட்டர்ல சார்ஜ் விஸார்ட்னு வோல்ட்டேஜ தானா மாத்தறது ஒன்னு இருக்கு, அதுல பூஸ்ட் 14.4, நார்மல் 13.6, ஸ்டோரேஜ் 13.2. அந்த 14.4லயே லித்தியம் கிட்டத்தட்ட முழுசா ஏறிடும், கொஞ்சம் கூட நேரம் ஆகும் அவ்ளோதான்.

லித்தியம்தம்பி
கிட்டத்தட்டன்னு நீங்களே சொல்றீங்க. செல் பேலன்ஸ், அதான் உள்ள இருக்கற செல் எல்லாம் ஒரே அளவுக்கு வர்றதே மேல் வோல்ட்டேஜுல தான் அண்ணா. அதுமில்லாம 13.6க்கு இறங்கிட்டா அப்புறம் ஆமை வேகம்

பழையஃப்யூஸ்
பழைய ஃபெரோ டைப் (கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் வச்ச) கன்வெர்ட்டர் நாள் பூரா உர்ருன்னு சத்தம் போட்டுட்டு ஒரே 13.8ல நிக்கும், தண்ணிய குடிச்சே பேட்டரிய கொன்னுடும். அதுல மாசாமாசம் தண்ணி ஊத்தி ஆறு வருஷம் ஓட்டினவன் நான். எனக்கு பேலன்ஸ் சொல்லித் தர்ற.

வண்டிக்காரி
சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க. சக்கரவீடு, நாலு கேள்வி. எங்க ப்ளக் பண்ணியிருக்கீங்க, கேம்ப்கிரவுண்டா வீடா? வீடுன்னா அந்த 30 ஆம்ப் அவுட்லெட் எப்போ போட்டது, யார் போட்டது? 121 வந்துச்சுன்னீங்களே, மீட்டர் முனை ரெண்டையும் எந்தெந்த ஓட்டையில வச்சீங்க? கன்வெர்ட்டர் தவிர வேற ஏதாவது சமீபத்துல போச்சா?

சக்கரவீடு
வீட்டுல தான் அக்கா. முன்னாடி கராஜ்ல சாதா ப்ளக்ல அடாப்டர் போட்டு ஓட்டிட்டு இருந்தேன், ஏசி போட்டா பிரேக்கர் விழுதுன்னு போன மாசம் எலக்ட்ரீஷியன வச்சு 30 ஆம்ப் போட்டேன். சாஞ்ச ஓட்டை ஒன்னுலயும் உருண்டை ஓட்டையிலயும் வச்சு அளந்தேன். மைக்ரோவேவ் டிஸ்ப்ளே வரல, ஆனா அது பழசு, வேற விஷயம். ஏன் கேக்குறீங்க?

வண்டிக்காரி
வேற விஷயம் இல்ல. மெயின் பேனல்ல அந்த 30 ஆம்ப் பிரேக்கர இப்பவே ஆஃப் பண்ணிட்டு, ப்ளக்க உருவிட்டு வந்து மீதிய படிங்க.

ட்ரெய்லர் 30 ஆம்ப் அவுட்லெட்டுக்கு டிடி-30ன்னு பேர். ரெண்டு சாஞ்ச ஓட்டை, ஒரு உருண்டை ஓட்டை. சாஞ்சதுல ஒன்னு லைவ், இன்னொன்னு நியூட்ரல், உருண்டை கிரவுண்டு. மொத்தமே 120 வோல்ட் தான். வீட்டு வேலை செய்யற எலக்ட்ரீஷியன்கள்ல சில பேருக்கு 30 ஆம்ப்னு சொன்னாலே துணி காய வைக்கிற ட்ரையர் ஞாபகம் தான் வரும், அது 240. ரெட்டை பிரேக்கர் போட்டு ரெண்டு சாஞ்ச ஓட்டைக்கும் லைவ் குடுத்துட்டு போயிடுவாங்க. அந்த நிலைமையில எந்த சாஞ்ச ஓட்டைக்கும் உருண்டைக்கும் நடுவுல அளந்தாலும் 120 தான் காட்டும், நீங்க பாத்த அதே 121. சாஞ்சது ரெண்டுக்கும் நடுவுல அளந்தா தான் 240ன்னு குட்டு வெளிப்படும்.

லேப்டாப் ஏறுது ஃபோன் ஏறுதுன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு உறுத்துச்சு. அந்த அடாப்டர்லயெல்லாம் 100ல இருந்து 240 வரைக்கும்னு அச்சடிச்சிருக்கும், நிறைய டிவியும் அப்படித்தான், 240 வந்தாலும் அதுங்க பாட்டுக்கு ஓடும். 12 வோல்ட் லைட்டு பேட்டரில எரியுது. 120ஐ மட்டுமே நம்பியிருக்கற சாமான் தான் போகும், உங்க வண்டில கன்வெர்ட்டரும் மைக்ரோவேவும். ஃபிரிட்ஜ் கேஸ்லயா கரண்ட்லயா ஓடிட்டு இருந்துச்சு?

ஆம்ப்மணி
ஐயோ ஆமா. நான் 121ன்ன உடனே சரின்னு விட்டுட்டேன், எந்த ஓட்டைன்னு கேக்கவே இல்ல. ஃபிரிட்ஜ் ஹீட்டர் காயிலுக்கு ரெட்டை வோல்ட்டேஜ் போனா நாலு மடங்கு சூடு, 300 வாட் காயில் 1200 இழுக்கும். கேஸ்ல ஓடியிருந்தா தப்பிச்சீங்க

இன்னொன்னு, ட்ரெய்லர் மெயின் பிரேக்கர் கறுப்பு வயர மட்டும் தான் வெட்டும். இவர் அவுட்லெட் அப்படி இருந்தா, பிரேக்கர அணைச்சாலும் உள்ள நியூட்ரல் வயர் சேர்ற வெள்ளை பார் முழுக்க லைவ். நேத்து ராத்திரி ப்ளக்க உருவிட்டு தான கை வச்சீங்க??

லித்தியம்தம்பி
இருங்க, 50 ஆம்ப் ட்ரெய்லருக்கு 240 தான வருது, அதுல எல்லாரும் ஓட்டிட்டு தான இருக்காங்க. 240னாலே எரியும்னு பயமுறுத்தாதீங்க

வண்டிக்காரி
50 ஆம்ப் ப்ளக்ல நாலு கால் தம்பி. லைவ் ரெண்டு, நியூட்ரல் ஒன்னு, கிரவுண்டு ஒன்னு. வண்டிக்குள்ள பாதி சாமான் ஒரு லைவுல, மீதி இன்னொரு லைவுல, எதுக்குமே நியூட்ரலோட சேத்து 120 தான் போகும். 30ல நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்துல இன்னொரு லைவ் வந்து உக்காந்தா அது வேற கணக்கு.

கொடைக்குடை
இதுக்குத்தான் ஈஎம்எஸ் (ப்ளக்குக்கும் வண்டிக்கும் நடுவுல வோல்ட்டேஜ காவல் காக்கற பெட்டி) போடுங்கன்னு கத்திட்டு இருக்கேன். வோல்ட்டேஜ் 104க்கு கீழ போனாலோ 132க்கு மேல போனாலோ உள்ளயே விடாது. மைக்ரோவேவ் பொழச்சிருக்கும்

பழையஃப்யூஸ்
நீ கத்தினது கிரவுண்டுக்கு. ஈஎம்எஸ் எல்லாம் மீட்டர் பிடிக்கத் தெரியாதவங்களுக்கு. எந்த இடத்துக்குப் போனாலும் ப்ளக் குத்துறதுக்கு முன்னாடி நான் மூணு அளவு எடுப்பேன், லைவ் நியூட்ரல், லைவ் கிரவுண்டு, நியூட்ரல் கிரவுண்டு. 120, 120, 0 வரணும். ஒரு நிமிஷ வேலை.

கொடைக்குடை
ராத்திரி பதினோரு மணிக்கு மழையில போய் சேந்தாலும் எடுப்பீங்களா அண்ணே

பழையஃப்யூஸ்
எடுப்பேன்.

ஆம்ப்மணி
நீங்க தூங்கிட்டு இருக்கறப்போ கேம்ப்கிரவுண்டுல நியூட்ரல் கழண்டா மீட்டர் பையில இருந்து எந்திரிச்சு வந்து சொல்லுமா

பழையஃப்யூஸ்
கழண்டா பாத்துக்கலாம். இதுவரைக்கும் கழண்டதில்ல.

வண்டிக்காரி
சக்கரவீடு ஆளக் காணோம். ப்ளக்க உருவிட்டேன்னு மட்டுமாவது ஒரு வரி போடுங்க

சக்கரவீடு
உருவிட்டேன் அக்கா. பிரேக்கர பாத்தேன், ரெட்டை தான். அளக்கறதுக்கு மட்டும் ஆன் பண்ணி சாஞ்சது ரெண்டுலயும் வச்சேன், 243. ஊர்ல 230லயே வளந்த கண்ணு, இந்த நம்பர முதல்லயே பாத்திருந்தா கூட கரண்ட் ஜோரா வருதுன்னு தான் நினைச்சிருப்பேன். ஃபிரிட்ஜ் கேஸ்ல தான் ஓடிச்சு. வேலை பாக்கறப்போ ப்ளக் உருவி தான் இருந்துச்சு, நல்ல வேளை. எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டா 30 ஆம்ப்னா 240 தான் சார்ங்குறான்

வண்டிக்காரி
அவன்கிட்ட வாதாட வேண்டாம். டிடி-30னா 120 வோல்ட், ஒத்தை பிரேக்கர் தான். அவுட்லெட் முகத்துலயே 30 ஆம்ப், 125 வோல்ட்னு (120ஐத் தான் அப்படிப் போடுவாங்க) அச்சடிச்சிருக்கும், ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. ரெட்டைய எடுத்துட்டு ஒத்தை 30 போட்டு, இன்னொரு வயர நியூட்ரல் பார்ல மாட்டணும். முடிச்சதும் நீங்களே மூணு அளவும் எடுத்துட்டு ப்ளக் குத்துங்க.

அப்புறம் அந்த புது கன்வெர்ட்டர திருப்பி அனுப்பிடாதீங்க. பழசு மாதிரி வாசனை வரலன்னா பொழச்சிருக்கலாம், சிலதுல வோல்ட்டேஜ் கூடினா தானா அடங்கிக்கிற பாதுகாப்பு இருக்கு. கராஜ்ல பழைய அடாப்டர்ல போட்டுப் பாருங்க. ஏசி போட்டுடாதீங்க, அது ஓடுதான்னு அவுட்லெட்ட சரி பண்ணினப்புறம் பாத்துக்கலாம்.

லித்தியம்தம்பி
எல்லாம் சரி, 14.6 விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல

பழையஃப்யூஸ்
சொல்லியாச்சு. மேல போய் படி.

சக்கரவீடு
கராஜ் ப்ளக்ல போட்டேன், ஃபேன் சுத்துது, பேட்டரில 14.3. மைக்ரோவேவ் காலி. கிளம்புற வேலை இருக்கு, வந்து எழுதறேன், நன்றி அக்கா

ஆம்ப்மணி
சூப்பர் தல. எலக்ட்ரீஷியன் வந்தானா? ஏசி என்னாச்சு?

கொடைக்குடை
ஆள் கிளம்பிட்டாரு போல. போற எடத்துலயாவது அளந்துட்டு குத்தினாரான்னு தெரியல