பொருள்: அடைமொழி ஒன்று வேண்டும், திங்கட்கிழமைக்குள்

கொக்குவிலிலிருந்து, வெள்ளி இரவு:
அன்பர்களே, திங்கட்கிழமை ‘அடப்டிவ் ஓட்டோமேஷன்’ பற்றித் தமிழில் விரிவுரை. ஆளுக்கு வேலைச்சுமை ஏறும்போது இயந்திரம் தானாகவே கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். சுமை குறைந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். முழுவதையும் அதனிடமே விட்டுவைத்தால் ஆளின் கவனம் தளர்ந்து, அது தடுமாறும் நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ‘ஓட்டோமேஷன்’ என்பதற்குத் ‘தன்னியக்கம்’ கையில் இருக்கிறது, ‘அடப்டிவ்’ என்பதற்கு அடைமொழிதான் இல்லை. ‘அனுசரணை’ என்று எழுதிப் பார்த்தேன். எந்த வங்கியின் அனுசரணை என்று மாணவர்கள் கேட்பார்கள்.

சென்னையிலிருந்து:
தகவமைப்புத் தன்னியக்கம். இதில் என்ன குழப்பம்?

வட்டுக்கோட்டையிலிருந்து:
தம்பி, தகவமைப்பு உங்கள் பாடநூலில். எங்கள் பிள்ளைகள் உயிரியலில் படிப்பது இசைவாக்கம். இரண்டும் ஒட்டகத்துக்குப் பொருந்தும். தலைமுறை தலைமுறையாக நடப்பது. இது நொடியில் நடக்கிறது. ‘நெகிழ்’ என்பேன். தலைவி மெலிந்தால் வளை நெகிழும். சங்கப் பாட்டெங்கும் உண்டு. ஆளின் நிலையறிந்து மாறும் கருவிக்கு இதைவிட உவமை வேண்டுமா? ‘ஞெகிழ்’ மூத்த வடிவம். ‘ஞெகிழி’ என்றால் சிலம்பு, கொள்ளிக்கட்டையும்கூட. கழல்வது, உருகுவது, எரிவது மூன்றுக்கும் ஒரே வேர் என்று நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன்.

சென்னை:
ஐயா, இங்கே நெகிழி என்றால் பிளாஸ்டிக்.

ரொறன்ரோவிலிருந்து:
மாஸ்டர், வளை தானாகக் கழல்கிறது, தலைவி கழற்றவில்லை. அதுதான் இங்கே முக்கியம். மாற்றத்தை இயந்திரம் தொடங்கினால் ‘அடப்டிவ்’, மனிதர் தொடங்கினால் ‘அடப்டபிள்’. 2000ஆம் ஆண்டில் பரசுராமன், ஷெரிடன், விக்கென்ஸ் என்ற ஆய்வாளர் மூவரும் இயந்திரத்திடம் விடக்கூடிய வேலையை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள்: தகவல் திரட்டல், பகுத்தல், முடிவைத் தெரிதல், செயற்படுத்தல். ஒவ்வொன்றிலும் தன்னியக்கத்தின் அளவு வேறாகலாம். தன்வினையும் பிறவினையும் நம்மிடம் இருக்கின்றனவே: இசையும் தன்னியக்கம், இசைவிக்கும் தன்னியக்கம்.

வட்டுக்கோட்டை:
இசைவிப்பது யார், ஆளா இயந்திரமா? பெயரெச்சம் எழுவாயையும் தழுவும், செயப்படுபொருளையும் தழுவும். வள்ளுவர் ‘அதனை அவன்கண் விடல்’ என்றார்; அஃறிணையிடம் விடச் சொல்லவில்லை.

மானிப்பாயிலிருந்து:
19ஆம் நூற்றாண்டில் கிறீன் வைத்தியர் எங்கள் ஊரில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’ என்று வடமொழியைத் தயங்காமல் எடுத்தார். இன்று அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவரிடம் படித்தவர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள். விளங்குகிற எதையாவது போடுங்கள்.

கொக்குவில், ஞாயிறு மாலை:
போட்டோப்பிரதிக் கடையை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ‘இசையும் தன்னியக்கம்’ என்றே போட்டுவிட்டேன். மூவர் சரி என்கிறார்கள், அதில் ஒருவர் களைத்துப்போய். நன்றி.

வட்டுக்கோட்டை:
அது கலைச்சொல்லா, விளக்கவுரையா? வினைத்தொகையாக ‘இசைதன்னியக்கம்’ என்றாவது போட்டிருக்கலாம்.

ரொறன்ரோ:
அது பாட்டுப்பெட்டி, மாஸ்டர்.

வட்டுக்கோட்டை:
அப்படியானால் நெகிழ்தன்னியக்கம். அடுத்த தவணைக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.