பொருள்: ‘ஆன்டி கிளேர்’ தமிழில் எப்படி? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

அஸ்தம்பட்டி:

சேலத்து நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வழக்கம்போல் அவரவர் பகுதிப் பெயரிலேயே எழுதுவோம். பள்ளிக் கணினி அறைகளின் சுவரில் ஒட்ட ஒரு பக்கத் தாள் தயாராகிறது, வரைவை இணைத்திருக்கிறேன். திரையைத் துடைப்பது எப்படி, வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் கணினியை எங்கே வைப்பது, கண் களைக்காமல் வேலை செய்வது எப்படி, இவ்வளவுதான் விஷயம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துவிட்டு அப்படியே செய்ய வேண்டும். கிளேர், ஆன்டி கிளேர், ஐ ஸ்ட்ரெயின் ஆகிய மூன்று சொற்கள் இடிக்கின்றன. இப்போதைக்குக் ‘கண்கூச்சம்’, ‘கண்கூச்சத் தடுப்பு’, ‘கண் அயர்ச்சி’ என்று போட்டிருக்கிறேன். வேறு சொல் தருகிறவர்கள் அதை வைத்து ஒரு வாக்கியமும் எழுதித் தாருங்கள். வாக்கியத்தில் உட்காராத சொல் வேண்டாம்.

அம்மாப்பேட்டை:

கண்கூச்சம் கண்ணுக்கு நேர்வது. நீங்கள் பெயரிடப் பார்ப்பது ஒளியை. காரியத்தின் பெயரைக் கருவிக்கு வைத்தால் காரியவாகுபெயர் என்று இலக்கணம் இடம் கொடுக்கும்தான். ஆனால் கலைச்சொல்லில் ஆகுபெயரை நுழைத்தால் பிறகு விளைவுக்குச் சொல் இல்லாமல் திண்டாட வேண்டும். கூசு + ஒளி = கூசொளி. வினைத்தொகை, மூன்றே எழுத்து. ஆன்டி கிளேருக்குக் கூசொளித் தடை. வாக்கியம்: ‘சன்னல்வழி வரும் கூசொளி திரையில் படாதவாறு மேசையைத் திருப்பி வைக்கவும்.’

ஐந்து ரோடு:

> கூசு + ஒளி = கூசொளி

கூசறது கண்ணுங்களே ஐயா, ஒளி எப்படிங்க கூசும்? மானிட்டர் சர்வீசுக்கு வர்றவங்க ‘லைட்டு அடிக்குது’, ‘என் மூஞ்சியே தெரியுது’ன்னுதான் சொல்றாங்க. அடிக்கிற ஒளி, அடிப்பொளின்னு வெச்சுட்டா எல்லாருக்கும் புரியும்.

சூரமங்கலம்:

அடிப்பொளி மட்டும் வேண்டாம் அண்ணா. ஜங்ஷனில் கேரளா வண்டி பிடிக்கிறவர்களைக் கேளுங்கள், அவர்கள் ஊரில் ‘அடிபொளி’ என்றால் பிரமாதம் என்று அர்த்தம். பிரமாதத்தைத் தடுக்கும் கண்ணாடி என்று ஆகிவிடும்.

கண் பரிசோதனை செய்கிறவள் என்ற முறையில் என் ஆட்சேபம் கண்கூச்சத்தின் மேல்தான். மருத்துவத்தில் ஒளிக்கூச்சம் என்பது ஒரு நோய்க்குறி. கருவிழியில் சிராய்ப்பு இருந்தாலோ ஒற்றைத் தலைவலி வந்தாலோ சாதாரண வெளிச்சத்தையே கண் பொறுக்காது. அது கண்ணின் கோளாறு, கிளேர் அறையின் கோளாறு. இரண்டுக்கும் ‘கூச்சம்’ என்று போட்டால், டாக்டரிடம் போக வேண்டிய பிள்ளை மேசையைத் திருப்பிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. கிளேர் என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று சங்கதி இருக்கிறது. கணினிக்குப் பின்னால் சன்னல் இருந்தால் அந்த வெளிச்சம் நேராகக் கண்ணைத் தாக்கும். திரைமேல் எதை ஒட்டினாலும் இது தீராது. மேசையைத் திருப்ப வேண்டும், அல்லது சன்னலை மறைக்க வேண்டும். சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது திரையில் பிம்பமாக விழும். பிம்பம் ஒரு தூரத்தில், எழுத்து ஒரு தூரத்தில் என்று கண் இரண்டுக்கும் மாறி மாறிக் குவியப் பார்த்துக் களைக்கும். மூன்றாவதில் பிம்பமே தெரியாது, ஆனால் வெளிச்சம் திரை முழுக்கப் பரவிக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும், எழுத்து வெளுத்துப்போகும். மேட் திரை, அதாவது பளபளப்பில்லாத திரை, செய்வதெல்லாம் இரண்டாவதை மூன்றாவதாக மாற்றுவதுதான். விழும் ஒளியை அது விழுங்குவதில்லை, சிதறடிக்கிறது. எனவே ‘தடுப்பு’, ‘தடை’ இரண்டும் பொய்.

தாளில் இதைக் கட்டாயம் போடுங்கள்: கணினியை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கறுத்த திரையைப் பார். அதில் என்ன பளிச்சென்று தெரிகிறதோ அதுதான் எதிரி. சன்னல் பக்கவாட்டில் வர வேண்டும். குழல்விளக்கு தலைக்குப் பின்னால் வரக்கூடாது.

அம்மாப்பேட்டை:

ஐந்து ரோட்டுக்காரருக்கு: உண்கலம் உண்ணுமா? ஆடரங்கு ஆடுமா? கலத்தில் உண்கிறோம், அரங்கில் ஆடுகிறோம். அதுபோல, எந்த ஒளியால் கண் கூசுகிறதோ அது கூசொளி. உரையாசிரியர்கள் காட்டும் ‘நோய் தீர்ந்த மருந்து’ம் இந்த வகையே. தீர்ந்தது நோய், மருந்தன்று.

கூசு என்ற வேரையும் பாருங்கள். கூம்பு, குவி, குறுகு, கூனு எல்லாம் சுருங்கும் பொருளின. கூசுதலும் சுருங்குதலே. ஒளி மிகுந்தால் கண்மணி சுருங்குகிறது என்று இன்றைய உடலியல் சொல்வதை நம் சொல் அன்றே வைத்திருக்கிறது. நாணத்தால் கூசுவதும் உடல் குறுகுவதே, பல் கூசுவதும்…

சூரமங்கலம்:

ஐயா, பல் சுருங்காது.

ஏற்காடு:

‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’, அதாவது ஒரு சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் என்பது பார்த்தவுடன் விளங்காது என்று தொல்காப்பியர் எழுதியது இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

அம்மாப்பேட்டை:

விழிப்பத் தோன்றா என்றாரே தவிர, இல்லை என்றாரா? ஆழ்ந்து தேடினால் தோன்றும் என்பதே பொருள். சூத்திரத்தை எனக்கு எதிராகத் திருப்ப வேண்டாம்.

ஏற்காடு:

சூரமங்கலம் அம்மா சொன்ன மூன்றாவதுக்கு ‘மூடொளி’ என்று வைக்கலாம். மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி வந்து ரோட்டையே வெள்ளையாக மூடிவிடும். 20 கொண்டை ஊசி வளைவையும் லோ பீமில்தான் ஏற வேண்டும். திரையில் நடப்பதும் அதேதான்: மேலே பரவுகிற ஒளி கீழே இருக்கிற எழுத்தை மூடுகிறது.

இதோடு ஒரு வேண்டுகோள். தாள் மேலே உள்ள பள்ளிகளுக்கும் வருமானால், பனிக்காலத்தில் துடைத்த ஈரம் சட்டென்று காயாது என்று ஒரு வரி சேருங்கள். கீழே ஐந்து நிமிடத்தில் ஸ்விட்சைப் போடுகிற பழக்கம் இங்கே உதவாது. காலையில் குளிர்ந்த திரையில் வியர்த்திருந்தால் அது தானாகக் காயட்டும், அதற்குமுன் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

ஐந்து ரோடு:

பேரு அப்புறம் வெக்கலாம், டீச்சர். துடைக்கிற முறையில தப்பு இருக்கு, அதை மொதல்ல திருத்துங்க.

வரைவுல ‘திரையின் மேல் நீரைத் தெளித்துத் துடைக்கவும்’னு இருக்கு. திரை மேல எதையும் தெளிக்கக் கூடாதுங்க. தண்ணி வழிஞ்சு கீழ் பிரேமுக்குள்ள போகும். பேனலோட ரிப்பன் கேபிளும் போர்டும் பெரும்பாலும் அந்த ஓரத்துலதான் இருக்கு. அங்க ஈரம் பட்டா மறுநாள் திரையில கோடு கோடா வரும், பேனலையே மாத்த வேண்டியதுதான். துணியில தெளிக்கணும். பிழிஞ்சா ஒரு சொட்டும் விழக்கூடாது, அந்த அளவு ஈரம் போதும்.

அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் ஆற விடணும். சூடான திரையில ஈரம் துடைக்கறதுக்குள்ள காஞ்சு திட்டு விழும். அப்புறம் ரப்பர் பம்ப்பால தூசியை ஊதணும், வாயால ஊதினா எச்சில் தெறிக்கும். தூசிதான் முக்கியமுங்க. அதுல மணல் இருக்கு, ஈரத் துணியோட சேர்ந்தா அது உப்புத்தாள் வேலை செய்யும். அதுக்கப்புறம் மைக்ரோபைபர் துணியை நாலா மடிச்சு, மேலருந்து கீழ வரிசை வரிசையா, அழுத்தாம துடைக்கணும். ஒரு மடிப்பு அழுக்கானா அடுத்த மடிப்பு. டிஷ்யூ பேப்பர், செய்தித்தாள், பழைய வேட்டி எதுவும் வேணாம். துணியைத் துவைக்கறப்போ கம்போர்ட் மாதிரி எதையும் ஊத்தக்கூடாது, அந்தப் பிசுக்கு திரையில படியும்.

தண்ணி: போர் தண்ணி ஆகவே ஆகாது. காஞ்சா வெள்ளைப் புள்ளி நிக்கும். பெட்ரோல் பங்க்ல கிடைக்கிற பேட்டரி தண்ணி நல்லது, உப்பே இருக்காது. ஆனா பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி கேன்லதான் வருது, லேபிளைப் படிச்சு வாங்கச் சொல்லுங்க. கைரேகைப் பிசுக்குக்கு அரை லிட்டர்ல ரெண்டு சொட்டு ஷாம்பு, அப்புறம் வெறும் தண்ணித் துணியால ஒரு தடவை. சன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற அம்மோனியா திரவம், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் பூச்சைக் கரைச்சு வெள்ளையடிச்ச மாதிரி பண்ணிரும்.

ஆயுத பூஜை முடிஞ்ச வாரம் சர்வீசுக்கு வர்ற மானிட்டர்ல பாதிக்கு நடுவுல சந்தனப் பொட்டு இருக்கும். காஞ்ச சந்தனத்தை நகத்தால சுரண்டுவாங்க. ஈரத் துணியை அது மேல ஒரு நிமிஷம் சாத்தி வெச்சா ஊறித் தானா வரும். குங்குமச் சாயம் மேட் பூச்சுல ஏறிட்டா போகாது. பொட்டு வெக்கறதுன்னா பிரேம்ல வெக்கச் சொல்லுங்க.

கடைசியா, மேட் திரையில ஒரே இடத்தை வெறும் துணியால தேய்ச்சுக்கிட்டே இருந்தா அந்த இடம் மட்டும் மெருகு ஏறிடும். அப்புறம் அந்தத் திட்டுல லைட்டு அடிக்கும். திருப்பி மேட் ஆக்க வழியே கிடையாது.

செவ்வாய்ப்பேட்டை:

அண்ணன் வாயிலேயே சொல் வந்துவிட்டது. கொலுசுப் பட்டறையில் தினமும் புழங்குகிற சொல்தான் மெருகு. மெருகு போட்ட வெள்ளி முகம் காட்டும், போடாதது காட்டாது. மேட் திரைக்கு ‘மெருகில்லாத திரை’ என்று பெயர் வைத்தால் எச்சரிக்கையும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. தேய்த்தால் மெருகு ஏறும், ஏறினால் போச்சு. கூசொளி எவ்வளவு இலக்கணமாக இருந்தாலும் பிள்ளைக்கு அது எதையும் சொல்லித் தரவில்லை.

அம்மாப்பேட்டை:

மெருகு தெலுங்கிலும் உண்டு. நமதா அவர்களதா என்று தீர்த்துக்கொண்டு பிறகு ஆளுவோம். பளபளக்கும் வகைக்கு என்னிடம் சொல் இருக்கிறது: பளிங்குத் திரை. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று குறள் 706. அருகில் இருப்பதைக் காட்டுவது பளிங்கின் இயல்பு என வள்ளுவரே வரையறுத்துவிட்டார்.

ஏற்காடு:

மெருகுக்குத் தெலுங்கு என்று தடை போட்டுவிட்டுப் பளிங்கைக் கொண்டுவருகிறீர்கள். அது பிராகிருத வழி வந்தது என்பாரும் உண்டே.

அம்மாப்பேட்டை:

என்பார் என்பார்கள். படிகம் வேண்டுமானால் வடக்கிலிருந்து வந்திருக்கட்டும். பளபள, பளிச்சு, பளீர் எல்லாம் எங்கிருந்து வந்தன?

சூரமங்கலம்:

மேட் திரையும் ஆன்டி ரிப்ளெக்டிவ் பூச்சும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே சொல்லில் கட்டாதீர்கள். வெறும் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அதன்மேல் மெக்னீசியம் புளூரைடைச் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் பூசினால், பூச்சின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் அடியிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். மூக்குக் கண்ணாடியில் ஊதாவோ பச்சையோ சாயல் தெரிவது இந்த வகைப் பூச்சால்தான். இங்கே எழுத்தின் கூர்மை குறையாது, ஆனால் கைரேகை அப்பட்டமாகத் தெரியும். மேட் திரையில் கைரேகை அவ்வளவு தெரியாது. பதிலாக வெள்ளைப் பின்னணி பொடி தூவியது போல் மினுங்கும். ஒன்று சிதறடிப்பது, மற்றது உண்மையிலேயே குறைப்பது.

செவ்வாய்ப்பேட்டை:

மெக்னீசியமா! நம்மூர் வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட்தானே. வெள்ளைக்காரன் அந்தக் கரட்டுக்குச் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தான். அங்கே சாக்கே கிடையாது. தப்பான பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் எடுக்க முடியாது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

ஏற்காடு:

சேர்வராயன் மலை ‘ஷெவராய்’ ஆன கதையையும் இங்கே சொல்ல வேண்டும்…

அஸ்தம்பட்டி:

வேண்டாம் ஐயா, தனி இழையில் சொல்லுங்கள். நாளை வெள்ளி.

ஐ ஸ்ட்ரெயினுக்கு யாரும் சண்டை போடவில்லை என்பதால் ‘கண் களைப்பு’. அயர்ச்சியைவிடப் பிள்ளைகளுக்குப் பழக்கமான சொல். கிளேருக்கு எண்ணிப் பார்த்ததில் கண்கூச்சத்துக்கு ஆறு பேர், கூசொளிக்கு இரண்டு பேர். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துத்தான். மூடொளி அழகாக இருக்கிறது, ஆனால் விளக்க இடமில்லை. மேட் திரைக்கு மெருகில்லா திரை. கடையில் கேட்டு வாங்க வேண்டுமே என்பதற்காகப் பக்கத்தில் ‘மேட்’ என்றும் போடுகிறேன். மற்றப் பூச்சுக்குப் ‘பிம்பம் குறைக்கும் பூச்சு’.

சூரமங்கலம்:

கண்கூச்சத்துக்கு என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது. குறைந்தபட்சம் ‘மேசையைத் திருப்பிய பிறகும் கண் கூசினால் கண் மருத்துவரிடம் காட்டவும்’ என்று சேருங்கள். கண் களைப்புப் பகுதியில்: திரைக்கும் கண்ணுக்கும் 50 முதல் 70 செ.மீ., திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளியுள்ள எதையாவது 20 நொடி பார்க்க வேண்டும். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது, எரிச்சல் பெரும்பாலும் அதனால்தான். பிரைட்னஸுக்கு அளவு: திரைக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாளைப் பிடித்தால் இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரிய வேண்டும்.

ஐந்து ரோடு:

டீச்சர், ஒன்னு கவனிங்க. ஏழாவது வரியில ‘மாலை வெயிலில் திரையை இழுத்து விடவும்’னு இருக்கு. பையன் மானிட்டரை இழுத்துருவான். ‘சன்னல் துணி’ன்னு மாத்துங்க.

அஸ்தம்பட்டி:

மாற்றிவிட்டேன், நன்றி அண்ணா. தாள் மாலை நாலு மணிக்கு அச்சகம் போகிறது.

அம்மாப்பேட்டை:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்பவில்லை. போகட்டும். ‘மெருகில்லா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பின்னே வல்லினம் மிகும். மெருகில்லாத் திரை. உங்கள் வரைவில் நான்கு இடத்திலும் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. நாலு மணிக்குமுன் திருத்தி அனுப்புங்கள்.